‘ஃபைவ் நைன்’ சொல்லிவிட்டு ஓடுவதில் என்ன இருக்கிறது?

முதலில் கேள்வியைத் திரும்பச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். உங்களுக்கு ஹாம், அதாவது பொழுதுபோக்கு வானொலி, உரிமம் கிடைத்து எட்டு மாதம். வி.யு.3 என்று தொடங்கும் கால்சைன் (நிலையத்தின் அழைப்புப் பெயர்), ஐம்பது வாட் ரிக் (பேசவும் கேட்கவும் ஆன ரேடியோ), மொட்டைமாடியில் ஒரு டைபோல் (கம்பி ஆன்டெனா). தினமும் காலையில் 7 மெகாஹெர்ட்ஸில் நம்ம ஊர் நண்பர்களோடு மழை உண்டா, கரண்ட் உண்டா என்று பேசுகிறீர்கள். அக்டோபர் கடைசியில் ஒருநாள் டயலைத் திருப்பினால் பேண்ட் (அலைவரிசைப் பகுதி) முழுக்கக் கூச்சல். ‘ஃபைவ் நைன் ஃபோர்ட்டீன், தேங்க் யூ’ (‘ஃபைவ் நைன்’ என்றால் நன்றாகக் கேட்கிறது) என்று ஆளாளுக்கு இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஓடுகிறார்கள். இதில் என்ன சுகம், வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் ஜெர்மனிக்காரரின் முகத்தையே பார்க்கலாமே, நம்ம குட்டி ஸ்டேஷனுக்கு அந்தக் கூட்டத்தில் இடம் உண்டா என்று கேட்கிறீர்கள். கேள்வி மூன்றாக இருந்தாலும் அடியில் இருப்பது கடைசிக் கேள்விதான் என்று நினைக்கிறேன். இறங்கினால் ஏமாந்துபோவோமோ என்ற பயம்.

நேராகச் சொல்கிறேன். நீங்கள் கேட்ட கூச்சல் ஒரு ரேடியோப் போட்டி. சின்ன ஸ்டேஷனுக்கு வருடத்திலேயே நல்ல நாட்கள் அந்தப் போட்டி நாட்கள்தான். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் என் யோக்கியதையைச் சொல்லிவிட வேண்டும். பாளையங்கோட்டையில் இருக்கிறேன். பிழைப்பு வங்கியில், ரேடியோ ராத்திரியில். இருபத்து மூன்று வருடமாகக் கம்பி கட்டி, அறுத்து, மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறேன். டவர் கிடையாது, பவரைக் கூட்டும் லீனியர் ஆம்ப்ளிஃபையர் கிடையாது. போட்டியில் எந்தப் பெரிய இடமும் பிடித்ததில்லை. 160 மீட்டரில் (பேண்டுகளை அலைநீளத்தால்தான் சொல்வோம், உங்கள் 7 மெகாஹெர்ட்ஸ் 40 மீட்டர்) ஆடியதே இல்லை, அதற்கு வேண்டிய நீளத்துக்குக் கம்பி கட்டினால் பக்கத்து வீட்டு மாமரத்தில்தான் போய் முடியும். ஆகவே ஒரே திசையில் வீசும் பெரிய பீம் ஆன்டெனா, ஆறு பேர் கொண்ட குழு என்ற கதையெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். கம்பியும் காதும் வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

என் முதல் டி.எக்ஸ்., அதாவது தொலைதூரத் தொடர்பு, 15 மீட்டரில், ஒரு மதியம். இரும்புக்கடையில் வாங்கிய வயரிங் கம்பியை வெட்டி, இரண்டு மூங்கிலில் கட்டியிருந்தேன். பின்லாந்துக்காரர் ஒருவர் ‘சிக்யூ’ (யாராவது வாருங்கள் என்ற பொது அழைப்பு) போட்டுக்கொண்டிருந்தார். குரல் கிணற்றடியிலிருந்து வருவது போல மேலே வரும், அமுங்கும், மறுபடி வரும். கூப்பிட்டேன். ‘விக்டர் யூனிஃபார்ம் டூ (வி.யு.2), அகெய்ன்?’ என்றார். மூன்று முறை திரும்பச் சொன்ன பிறகு முழுக் கால்சைனையும் பிடித்துவிட்டார். எனக்கு ‘ஃபைவ் த்ரீ’ கொடுத்தார். நான் அவருக்கு என்ன கொடுத்தேன் என்பது நினைவில்லை, கை நடுங்கி லாக் புத்தகத்தில் நேரத்தைத் தப்பாக எழுதியிருந்தேன். மொத்தம் ஒரு நிமிடம்கூட இல்லை. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் என் குரல் கம்பியிலிருந்து கிளம்பி, இருநூறு முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் எஃப் அடுக்கில் (மேல் வளிமண்டலத்தின் மின்னேற்றம் பெற்ற பகுதி) பட்டு வளைந்து, தரைக்கு வந்து, மறுபடி மேலே போய் பின்லாந்தில் இறங்கியிருக்கிறது. நடுவில் டவர் இல்லை, கடலடிக் கேபிள் இல்லை, மாதச் சந்தா இல்லை. வாட்ஸ்அப்பில் அழைப்பு போகாவிட்டால் கோபம் வருகிறது; இங்கே போய்ச் சேர்ந்தால் ஆச்சரியம் வருகிறது. நீங்கள் கேட்ட சுகம் அதுதான். அந்த ஆச்சரியம் வராதவர்களும் உண்டு, அவர்களுக்குக் காலை அரட்டையே போதும். அதுவும் நல்ல பொழுதுபோக்குதான், குறைத்துச் சொல்லவில்லை.

இந்த அலைகளைத் திருப்பி அனுப்புவது சூரியன் தரும் சக்தி. சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் மேல் வளிமண்டலத்தில் அணுக்களை உடைத்து எலக்ட்ரான்களை உதிர்க்கின்றன. எலக்ட்ரான் அதிகமானால் உயர்ந்த அலைவரிசைகளும் திரும்பி வரும். சூரியனில் கரும்புள்ளிகள் கூடுவதும் குறைவதும் சுமார் 11 வருடச் சுழற்சி. இப்போது நடப்பது 25-ஆவது சுழற்சி. 2019 டிசம்பரில் தொடங்கியது, உச்சக்கட்டத்தை அடைந்துவிட்டதாக நாசா 2024 அக்டோபரில் அறிவித்தது. 10 மீட்டரில் ஐந்து வாட்டுக்குக்கூட உலகம் பதில் சொல்வது இப்படிப்பட்ட உச்ச வருடங்களில்தான். இனி மெல்ல இறங்கும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். கொடைக்கானல் போகும்போது படகு விட்டுவிட்டு வந்துவிடாமல் அங்கே இருக்கும் சூரிய ஆய்வுக்கூடத்தையும் பாருங்கள். 1899-லிருந்து இருக்கிறது. கரும்புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-ல் அங்கே இருந்துதான் கண்டுபிடித்தார். நம்ம பேண்ட் திறக்கிறதா மூடுகிறதா என்பதைத் தீர்மானிக்கும் அந்தப் புள்ளிகளை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நம்ம மலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தென் தமிழ்நாட்டுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நம்ம தலைக்கு மேலேயே போகிறது என்று சொல்லலாம். இதை ஆராயவே திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. நமக்கு இதில் லாபமும் உண்டு, தொந்தரவும் உண்டு. ஒரு காந்தப் புயல் வந்து வட ஐரோப்பாவில் பேண்டே செத்துப்போகும் நேரத்தில், நாம் தெற்குப் பக்கமாக ஆப்பிரிக்காவையும் ஆஸ்திரேலியாவையும் பிடித்துக்கொண்டிருப்போம். தொந்தரவு மாலையில் வரும். சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்தில் சில நாட்களில் சிக்னலெல்லாம் படபடவென்று துடிக்கும், பேசுபவர் தண்ணீருக்குள் கொப்பளிப்பது போல இருக்கும். மேலே அந்த அடுக்கில் குமிழிகள் மாதிரி எலக்ட்ரான் குறைந்த பகுதிகள் கிளம்புவதால் அப்படி ஆகிறது. இதுவரை சொன்னது நிச்சயம். இன்றைக்குச் சாயங்காலம் அது வருமா வராதா என்று கேட்டால் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. கணிப்பு மென்பொருள் பெரும்பாலும் மாதச் சராசரியைத்தான் சொல்லும்.

எந்த நேரத்தில் எங்கே கேட்கும் என்பதற்கு என் லாக் புத்தகத்தை வைத்துத் தோராயமாகச் சொல்கிறேன். அக்டோபர், நவம்பர் மாதங்களில், சூரியன் நல்லபடியாக இருக்கும் வருடங்களில், காலை ஆறிலிருந்து பதினொன்று வரை 15, 10 மீட்டரில் ஜப்பான் காரர்கள் கொட்டுவார்கள். மதியம் ஒன்றுக்கு மேல் அதே பேண்டுகளில் ஐரோப்பா எழும், இருட்டும் வரை நிற்கும். ராத்திரி 20 மீட்டர், அதற்குப் பிறகு விடியும் வரை 40 மீட்டர். அமெரிக்கா நமக்குக் கஷ்டம். அலை வடதுருவத்தை ஒட்டிப் போக வேண்டியிருக்கிறது. விடிகிற நேரத்திலும் சாய்கிற நேரத்திலும் கொஞ்ச நேரம் கதவு திறக்கும், அப்போது உட்கார்ந்திருக்க வேண்டும். தென் அமெரிக்கா வேடிக்கையானது. நமக்கு நேர் எதிர்ப்புறம் பெருவுக்கு மேற்கே சுமார் 2500 கிலோமீட்டர் தள்ளிப் பசிபிக் கடலில் இருக்கிறது. அங்கே போக எந்தத் திசையில் கிளம்பினாலும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் பீம் வைத்திருப்பவர்கள் எந்தப் பக்கம் திருப்புவது என்று குழம்பும்போது, எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் வீசும் நம்ம கம்பிக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

மைக்கைத் தொடுவதற்கு முன் ஒரு வாரம் கேட்க மட்டும் செய்யுங்கள். 14.100 மெகாஹெர்ட்ஸில் ரிக்கை சி.டபிள்யூ-வில் (மோர்ஸ் முறையில்) வைத்துவிட்டு உட்காருங்கள். உலகம் முழுக்கப் பதினெட்டு பீக்கன் நிலையங்கள் ஒரே அலைவரிசையில் முறைவைத்து, ஆளுக்குப் பத்து விநாடி வீதம் மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று வருகின்றன. நியூயார்க்கில் ஐ.நா. கட்டிடம், ஜப்பான், ஹாங்காங், கென்யா, பின்லாந்து, பெரு என்று வரிசை. ஒவ்வொன்றும் தன் கால்சைனை மோர்ஸில் சொல்லிவிட்டு நான்கு நீண்ட ஒலிகள் தரும். முதல் ஒலி 100 வாட், அடுத்தது 10, பிறகு 1, கடைசி பத்தில் ஒரு வாட். எத்தனை ஒலி கேட்கிறது என்று எண்ணினாலே இன்றைக்கு அந்தத் திசை எப்படி என்று தெரிந்துவிடும். ஏதாவது ஒரு நிலையம் பழுதாகி வாயை மூடிக்கொண்டிருப்பது சகஜம், அதனால் ஒன்றிரண்டு கேட்காவிட்டால் ஆன்டெனாவைச் சந்தேகிக்காதீர்கள். இந்த வரிசையில் கொழும்பு 4எஸ்7பி-யும் உண்டு. பாளையங்கோட்டையிலிருந்து முந்நூறு சொச்சம் கிலோமீட்டர். கூப்பிடு தூரம் என்று நினைப்போம், ஆனால் 14 மெகாஹெர்ட்ஸில் எனக்குப் பெரும்பாலும் பின்லாந்து கேட்கும், கொழும்பு கேட்காது. தரையோடு போகும் அலை அவ்வளவு தூரம் எட்டாது, வானத்தில் பட்டுத் திரும்புவது தலையைத் தாண்டிப் போய் விழும். ஸ்கிப் மண்டலம் என்று தேர்வுக்குப் படித்திருப்பீர்கள். படிப்பது ஒன்று, காதால் கேட்பது வேறு.

ஆன்டெனா பற்றிச் சுருக்கமாக. மெகாஹெர்ட்ஸால் 143-ஐ வகுத்தால் அரை அலை டைபோலின் நீளம் மீட்டரில் வரும். 14.15-க்கு சுமார் 10.1 மீட்டர், 21.2-க்கு சுமார் 6.7. கொஞ்சம் நீளமாகவே வெட்டுங்கள், மடக்கிக் குறைக்கலாம், ஒட்டி நீட்டுவது தொல்லை. தூரம் போக அலை தாழ்வாகக் கிளம்ப வேண்டும், அதற்குக் கம்பி அரை அலை உயரத்திலாவது இருக்க வேண்டும். 20 மீட்டருக்கு அது பத்து மீட்டர். ஒரு மாடி வீட்டு மொட்டைமாடி ஏழு மீட்டர், அதற்கு மேல் மூன்று மீட்டர் ஜி.ஐ. பைப், முடிந்தது. 40 மீட்டருக்கு இருபது மீட்டர் உயரம் வேண்டும், அது நம்மால் ஆகாது. அதனால்தான் உங்கள் 7 மெகாஹெர்ட்ஸ் அலை நேர் மேலே போய் மதுரைக்கும் கோவைக்கும் அழகாக இறங்குகிறது. ஆன்டெனா தப்பில்லை, வேலை வேறு. டி.எக்ஸுக்கு 20-க்கும் 15-க்கும் தனியாகக் கட்டுங்கள்.

இதைவிட முக்கியம் இரைச்சல். இப்போது நகரத்தில் ஆட்கள் டி.எக்ஸை விடுவதற்குக் காரணம் பவர் போதாதது இல்லை, காது கேட்காததுதான். ரிக்கை 12 வோல்ட் பேட்டரியில் இயக்கிவிட்டு வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். எஸ் மீட்டர் (சிக்னல் பலத்தைக் காட்டுவது) சட்டென்று இறங்கினால் திருடன் வீட்டுக்குள்தான் இருக்கிறான். பிறகு ஒவ்வொரு ஃபியூஸாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். என் வீட்டில் எஸ்7 இரைச்சல் எஸ்2-க்கு இறங்கியது. தேடியதில் செட்-டாப் பாக்ஸின் அடாப்டரும், வாசலில் இருந்த ஒரு மலிவான எல்.இ.டி. பல்பும் அகப்பட்டன. இரண்டையும் மாற்ற ஐந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. எஸ் மீட்டரில் ஐந்து படி என்றால் கணக்குப்படி முப்பது டெசிபல். ஒப்பிட்டுப் பாருங்கள்: உங்கள் 50 வாட்டுக்கும் அமெரிக்கப் பெரிய ஸ்டேஷனின் 1500 வாட்டுக்கும் உள்ள வித்தியாசமே பதினைந்து டெசிபல்தான், எஸ் மீட்டரில் இரண்டரைப் படி. அந்த ஸ்டேஷன் எஸ்9-ல் கேட்டால் நீங்கள் ஆறரையில் கேட்பீர்கள். தாராளமாகப் போதும். அண்டை வீட்டு இன்வெர்ட்டர் இரைந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்குப் பொங்கலுக்குக் கரும்பு கொடுத்துப் பேசிப் பார்ப்பதைத் தவிர எனக்கு வழி தெரியாது.

அரிய இடத்திலிருந்து யாராவது வந்தால் கூட்டம் சேரும், பைல்-அப் என்கிறோம். அங்கே பேசுபவர் ஓரிடத்தில் பேசி, ஐந்து பத்து கிலோஹெர்ட்ஸ் மேலே தள்ளிக் கேட்பார். ‘அப் ஃபைவ்’ என்றால் அதுதான், ரிக்கில் ஸ்ப்ளிட் (ஓரிடத்தில் கேட்டு வேறிடத்தில் பேசும் வசதி) போட வேண்டும். ஒரு தடவை இந்தியப் பெருங்கடல் தீவு ஒன்றை நாற்பது நிமிடம் கூப்பிட்டேன். நடுவில் கரண்ட் போய் வந்ததில் ஸ்ப்ளிட் போய்விட்டது, நான் கவனிக்கவில்லை. அவர் குரலின் மேலேயே உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். ‘அப்! அப்! அப்!’ என்று உலகமே என்னைத் திட்டியது. யாரோ ஒரு கூறுகெட்டவன் குழப்புகிறான் என்று நானும் சேர்ந்து எரிச்சல்பட்டேன். கூறுகெட்டவன் யார் என்று டிஸ்ப்ளேயைப் பார்த்தபோது தெரிந்தது. அதிலிருந்து பைல்-அப்பில் முதல் பத்து நிமிடம் வாயைத் திறப்பதில்லை. அவர் யாருக்குப் பதில் சொல்கிறாரோ அந்த ஆள் எந்த இடத்தில் கூப்பிட்டான் என்று தேடிப் பிடிக்க வேண்டும். அவர் மெல்ல மேலே நகர்கிறாரா, கீழே வருகிறாரா என்று புரியும். அடுத்து எங்கே காது வைப்பாரோ அங்கே போய், கால்சைனை ஒரே ஒரு முறை முழுதாகச் சொல்லிவிட்டு வாயை மூட வேண்டும். ஆற்றில் தூண்டில் போடுகிற வேலை இது. சத்தம் போட்டால் மீன் வராது.

இப்போது நீங்கள் கேட்ட அக்டோபர் கூச்சல். சி.க்யூ. வேர்ல்ட் வைட் போட்டி, அக்டோபர் கடைசி முழு வார இறுதியில் பேச்சுக்கு, நவம்பர் கடைசியில் மோர்ஸுக்கு. உலக நேரப்படி சனி பூஜ்ய மணிக்குத் தொடங்கி நாற்பத்தெட்டு மணி நேரம். நமக்கு அது சனிக்கிழமை காலை ஐந்தரையிலிருந்து திங்கட்கிழமை காலை ஐந்தரை. அவர்கள் சொல்லும் ‘ஃபைவ் நைன்’ சம்பிரதாயம், யாரும் அளப்பதில்லை. அதற்குப் பின்னால் வரும் எண்தான் விஷயம். உலகத்தை நாற்பது மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். ஃபோர்ட்டீன் என்றால் ஜெர்மனி, பிரான்ஸ், இங்கிலாந்து அடங்கிய மேற்கு ஐரோப்பா. ஜப்பான் 25. நாமும் இலங்கையும் 22. அந்தமான் 26-ல் போய்விடும். வேறு கண்டத்துக்கு மூன்று புள்ளி, ஆசியாவுக்குள் வேறு நாட்டுக்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு பேண்டிலும் பிடித்த நாடுகளையும் மண்டலங்களையும் கூட்டி, அதைப் புள்ளிகளோடு பெருக்கினால் மதிப்பெண். அதனால் நாடும் மண்டலமும் மல்டிப்ளையர்.

பெருக்கல் எப்படி வேலை செய்கிறது பாருங்கள். நூறு தொடர்பு எடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம், எண்பது வெளிக்கண்டம், இருபது ஆசியா. 260 புள்ளி. மல்டிப்ளையர் 65. மதிப்பெண் 16,900. அடுத்து ஏற்கெனவே பிடித்த ஜெர்மனியில் இன்னொருவரைப் பிடித்தால் 17,095, அதாவது 195 கூடும். புது நாடு ஒன்றைப் பிடித்தால் 17,358, அதாவது 458. இந்தக் கணக்கு எல்லோர் தலையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது, உங்களைக் கேட்கும் ஆளின் தலையிலும்தான். அவருக்கு ஜெர்மன்காரர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். 22-ஆம் மண்டலத்திலிருந்து கூப்பிட எத்தனை பேர்? இந்தியாவில் போட்டிக்கு உட்காருபவர்கள் குறைவு. அந்த பேண்டில் அவருக்கு நீங்கள் முதல் இந்தியராக இருந்தால், ஒரே அழைப்பில் நாடும் கிடைக்கும், பெரும்பாலும் மண்டலமும் கிடைக்கும். அதனால் ‘விக்டர் யூனிஃபார்ம் த்ரீ’ என்று ஈனஸ்வரத்தில் கேட்டாலும் மற்றவர்களை நிறுத்திவிட்டு, ‘ஒன்லி தி விக்டர் யூனிஃபார்ம்’ என்று தேடுவார்கள். ஐம்பது வாட்டுக்கு இப்படி ஒரு மரியாதை சாதாரண நாளில் கிடைக்காது. சின்ன ஸ்டேஷனுக்கு நல்ல நாள் என்று நான் சொன்னது இதனால்தான்.

ஆனால் சனிக்கிழமை காலையிலேயே முட்டி மோதாதீர்கள். முதல் நாள் பெரிய ஸ்டேஷன்கள் வாசலில் எல்லாம் கூட்டம் நெரியும். ஞாயிறு மதியத்துக்கு மேல் பாருங்கள். ஊரில் இருக்கும் எல்லோரையும் எல்லோரும் பிடித்து முடித்திருப்பார்கள். பெரிய ஆம்ப்ளிஃபையர் வைத்தவர் வெறும் காற்றைப் பார்த்து ‘சிக்யூ காண்டெஸ்ட்’ என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார். அப்போது போய்க் கூப்பிட்டால் கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு வந்த மாமாவைப் போலக் கவனிப்பார். பேண்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்ல நகர்ந்து, ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டே போங்கள். அவருடைய கால்சைனை நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டாம், அவருக்கு அது தெரியும். லாக்குக்கு என்1எம்எம் போன்ற இலவச மென்பொருள் ஏதாவது ஒன்றை முந்தின வாரமே போட்டுப் பழகுங்கள். உரிமம் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்கு ‘ரூக்கி’ என்று தனிப் பட்டியல் இருக்கிறது, 100 வாட் வரைக்கும் லோ பவர் என்று தனிப் பிரிவும் இருக்கிறது. இரண்டிலும் பெயர் கொடுங்கள்.

நம்ம ஊரில் இந்தப் போட்டிக்கு ஒரே பகை தீபாவளியும் ஐப்பசி மழையும். 2019-ல் தீபாவளியே போட்டி ஞாயிற்றுக்கிழமையில் வந்து நின்றது. சூரியனும் அந்த வருடம் உறக்கத்தில், பல நாள் ஒரு புள்ளிகூடக் கிடையாது. 10 மீட்டர் சவம் மாதிரி கிடந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, இட்லியும் கறியும் தின்றுவிட்டு, மதியம் பயந்து பயந்து 15 மீட்டரில் உட்கார்ந்தேன். வெளியே சரவெடி. ஒரு இத்தாலிக்காரர் என் மைக் வழியாக வெடிச்சத்தம் கேட்டு, சம்பிரதாயத்தை மீறி, ‘எவ்ரிதிங் ஓகே?’ என்றார். ‘தீபாவளி’ என்றேன். ‘ஆ, ஹேப்பி தீவாலி, குட் லக்’ என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போனார். இரண்டு நாளில் மொத்தம் 87 தொடர்பு. அதில் என்ன மதிப்பெண் வந்தது என்பது மறந்துவிட்டது. இடி மின்னல் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். தூரத்தில் உறுமினாலே கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவேன், அரிய நாடு கூப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி.

இவ்வளவு பெரிய கூட்டம் பயமாக இருந்தால் ஜப்பான் அமெச்சூர் சங்கம் நடத்தும் ஆல் ஏசியன் போட்டியில் தொடங்குங்கள். ஜூனில் மோர்ஸ், செப்டம்பரில் பேச்சு. அதில் மண்டலத்துக்குப் பதில் உங்கள் வயதைச் சொல்ல வேண்டும். பெண்கள் பூஜ்யம் பூஜ்யம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நெடுங்காலம் விதி இருந்தது. ‘ஃபைவ் நைன் எய்ட்டி த்ரீ’ என்று ஒரு ஜப்பானியப் பெரியவர் கணீரென்று சொல்லும்போது நாம் ஒரு கணம் நிமிர்ந்து உட்காருவோம். அடுத்த வருடம் அதே கால்சைன் ‘எய்ட்டி ஃபோர்’ என்று வரும். வராமலும் போகும். இரண்டு வார்த்தைதானே பேசுகிறார்கள் என்று கேட்டீர்களே, பத்து வருடம் ஒரே ஆளோடு அந்த இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள்.

எஃப்.டி.8 என்ற கணினி முறை பற்றியும் கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். 2017-ல் வந்தது. உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோ டெய்லர் பல்சார் ஆராய்ச்சிக்காக 1993-ல் இயற்பியல் நோபல் வாங்கியவர். பதினைந்து பதினைந்து விநாடியாக இரண்டு கணினிகள் பேசிக்கொள்ளும், நம்ம காதுக்கு எட்டாத சிக்னலையும் பிரித்தெடுக்கும். இரைச்சல் மிகுந்த ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம், இதில் சந்தேகமில்லை. இது உண்மையான டி.எக்ஸா என்ற சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. நாடு எண்ணிக்கைக்கு நானும் போடுகிறேன். ஆனால் அதில் பிடித்த எந்த ஸ்டேஷனும் எனக்கு நினைவில் நிற்கவில்லை. இது என் மூளையின் குறையாகவும் இருக்கலாம்.

எண்ணிக்கை என்றதும் டி.எக்ஸ்.சி.சி. அமெரிக்க சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல். நடத்தும் பட்டியல். இப்போது 340 ‘நாடுகள்’. அரசியல் நாடுகள் மட்டும் அல்ல, தூரமும் கடலும் பார்த்துப் பிரித்தவையும் சேர்த்தி. இந்தியாவே மூன்றாக வரும்: நாம், அந்தமான், லட்சத்தீவு. நூறு பிடித்து உறுதிசெய்தால் முதல் சான்றிதழ். உறுதிக்குத் தாளில் க்யூ.எஸ்.எல். கார்டு, அல்லது 2003-லிருந்து இயங்கும் லாக்புக் ஆஃப் தி வேர்ல்ட் என்ற இணையப் பதிவேடு. ஐம்பது வாட்டில், ஒழுங்காகக் காது கொடுத்தால், ஒன்றிரண்டு வருடத்தில் நூறு ஆகும். ஒரே போட்டி வார இறுதியில் அறுபது எழுபது பிடித்தவர்களும் உண்டு. நான் இருபத்து மூன்று வருடத்தில் 214-ல் நிற்கிறேன். தபால்காரர் மொத்தமாகக் கொண்டுவந்து போடும் கார்டுகளை இன்னும் ஷூ டப்பாவில்தான் வைத்திருக்கிறேன்.

இந்த விளையாட்டால் யாருக்கு என்ன பயன் என்று உங்கள் வீட்டில் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அதற்கு ஒரே ஒரு சம்பவம் சொல்லுங்கள். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் தன் குழுவோடு போர்ட் பிளேரில் இறங்கி, பல வருடமாகக் காற்றில் கேட்காத அந்தமானிலிருந்து டி.எக்ஸ். பண்ணிக்கொண்டிருந்தார். உலகமே அவரைப் பிடிக்க முண்டியடித்தது. 26-ஆம் தேதி காலை சுனாமி. தொலைபேசிகள் அடங்கிய தீவுகளிலிருந்து, பைல்-அப்புக்கு வைத்திருந்த அதே ரிக்கையும் ஆன்டெனாவையும் கொண்டு, யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தியைக் கரைக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். கூட்டத்தில் ஒரு குரலைப் பிரித்துக் கேட்கவும், சொன்னதைத் தப்பில்லாமல் எழுதவும், தூக்கம் கெட்டு உட்காரவும் அவர்களுக்கு அன்றைக்குத்தான் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்ததா என்ன? எல்லா ஹாமும் இப்படி ஆவார் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அப்படி ஒரு நாள் வந்ததில்லை, வரவும் வேண்டாம்.

அப்புறம், மோர்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்குங்கள். அடுத்த நிலை உரிமமான ஜெனரல் கிரேடுக்கு அது வேண்டும் என்பது ஒருபுறம், ஐம்பது வாட் பேச்சில் போகாத இடத்துக்கு மோர்ஸில் போகும். நவம்பர் போட்டியில் என்னைத் தேடுங்கள். ஆனால் அக்டோபரிலேயே 15 மீட்டரில் நான் கேட்டால் தயங்காமல் கூப்பிடுங்கள். ஒரே நாட்டுக்காரர்களுக்குள் புள்ளி பூஜ்யம்தான், ஆனாலும் அந்த பேண்டில் முதல் இந்தியர் என்றால் நாடும் மண்டலமும் கணக்கில் சேரும். இரண்டு பேருக்கும் இரண்டு மல்டிப்ளையர். பாளையங்கோட்டைக்கும் உங்கள் ஊருக்கும் நடுவே ஸ்கிப் மண்டலம் விட்டால் சரி.